அடையும் கூளமும்: புறக்கடைக் கோழி வளர்ப்பில் ஈரத்தின் இடம்

புறக்கடைக் கோழி வளர்ப்பு என்பது பத்து இருபது கோழிகளைப் பகலில் வீட்டைச் சுற்றி மேயவிட்டு, இரவில் மட்டும் கூட்டிலோ பஞ்சாரத்திலோ அடைத்து வளர்க்கும் முறையாகும். 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த ஏறத்தாழ 85 கோடி கோழியினங்களில் 31.7 கோடி இம்முறையில் வளர்க்கப்பட்டவை. அதற்கு முந்தைய 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைவிட இது சுமார் 46 விழுக்காடு கூடுதல். இவ்வளவு விரிவடைந்துள்ள இவ்வளர்ப்பில் இழப்பின் பெரும்பகுதி முட்டை அடைக்கு வைக்கப்பட்ட நாள்முதல் குஞ்சு நான்கு வார வயதை எட்டும் வரையிலான ஏழு வார காலத்திலேயே நேர்கிறது என்பதைக் கோழி வளர்ப்போர் அனைவரும் அறிவர். அரசு நலத்திட்டங்களில் பெண்களுக்கு ஒரு நாள் குஞ்சுகளுக்குப் பதிலாக நான்கு வாரக் குஞ்சுகள் வழங்கப்படுவதும் இதன் பொருட்டே. இக்கால அளவைப் பற்றிப் பேசும் கையேடுகள் குஞ்சு பொரிப்பை ஓர் இயலிலும், கூட்டின் தரையில் பரப்பும் கூளத்தை வேறோர் இயலிலும் வைத்துப் பேசுகின்றன. ஆனால் இரண்டிலும் தோல்விக்கான காரணங்களைத் தொடர்ந்து பார்த்துச் சென்றால் அவை பெரும்பாலும் ஈரம் என்ற ஒன்றிலேயே வந்து சேர்கின்றன: முட்டையிலிருந்து ஈரம் எந்த வேகத்தில் வெளியேற வேண்டும், கூளத்திலிருந்து எந்த வேகத்தில் வெளியேற வேண்டும் என்பவை அடிப்படையில் ஒரே வகைக் கேள்விகள்.

முட்டை இடப்படும்போதே அதனுள் கருவின் வளர்ச்சி தொடங்கிவிட்டிருக்கிறது. சேவலோடு சேர்ந்த பெட்டையின் முட்டைக்குழாயில் விந்தணுக்கள் பத்து நாள்களுக்கு மேலும் உயிரோடு தங்கக்கூடியவை என்பதால், எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் இருந்தாலே முட்டைகளில் பெரும்பாலானவை கரு கூடியவையாக இருக்கும். கரு கூடிய முட்டை கோழியின் உடலுக்குள் ஏறத்தாழ ஒரு நாள் வெப்பத்தில் இருந்துவிட்டே வெளிவருகிறது; வெளிவந்தபின் குளிர்ந்து, சுமார் 20 அல்லது 21 டிகிரி செல்சியசுக்குக் கீழே சென்றால்தான் கருவின் வளர்ச்சி உறங்குநிலைக்குச் சென்று அடை வெப்பம் கிடைக்கும்வரை காத்திருக்கிறது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட நூல்கள் முட்டையை அறை வெப்பத்தில் ஒரு வாரம் வைக்கலாம் என்று கூறுவது இந்த அடிப்படையிலேயே. சித்திரை, வைகாசி மாதங்களில் திருச்சியிலோ வேலூரிலோ அறை வெப்பம் என்பது 33, 34 டிகிரியாக இருக்கும்போது அவ்விதி பொருந்துவதில்லை. அந்த வெப்பத்தில் கரு உறங்குவதும் இல்லை, முறையாக வளர்வதும் இல்லை. அரைகுறையாக வளர்ந்து வலுவிழந்து, அடைக்கு வைத்த முதல் மூன்று நான்கு நாள்களிலேயே மடிகிறது. ஏழாம் நாள் சோதனையில் அத்தகைய முட்டையைப் பார்ப்பவர்கள் கூமுட்டை, அதாவது கருவே கூடாத முட்டை என்று எண்ணிச் சேவலின் மீது குறை காண்கிறார்கள். உண்மையில் குறை முட்டையைச் சேமித்த இடத்தில் இருக்கிறது.

கோடையில் இதற்குத் தீர்வாகக் கிராமங்களில் வழங்கிவரும் முறை, வாயகன்ற மண்பானையில் பாதியளவு மணல் நிரப்பித் தண்ணீர் தெளித்து, அதன்மேல் சாக்குத் துணி விரித்து முட்டைகளை அடுக்கி வைப்பதாகும். பானையின் துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் சில டிகிரி குறைகிறது. காற்றின் ஈரம் உயர்வதால் முட்டையிலிருந்து நீர் வெளியேறுவதும் தணிகிறது. முட்டையைக் கூர்முனை கீழாக வைப்பதும், சேமிப்புக் காலத்தைக் கோடையில் நான்கைந்து நாள்களுக்குள் நிறுத்திக்கொள்வதும் இதனோடு சேர வேண்டியவை. சாணமும் மண்ணும் ஒட்டிய முட்டையைத் தண்ணீரில் கழுவி வைக்கும் பழக்கம் மட்டும் கைவிடப்பட வேண்டியது. ஓட்டின் மேல் இயற்கையாகப் படிந்துள்ள மெல்லிய பூச்சு ஆயிரக்கணக்கான நுண்துளைகளை மூடிக் காக்கிறது. கழுவும்போது அப்பூச்சு போய்விடுவதோடு, தண்ணீர் முட்டையைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளிருக்கும் பொருள் சுருங்கி, வெளியிலுள்ள அழுக்கையும் நுண்ணுயிரிகளையும் துளைகள் வழியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அழுக்கு முட்டையை உலர்ந்த துணியால் துடைப்பதும், அதைவிட மேலாக, முட்டையிடும் கூடையில் உலர்ந்த கூளம் இட்டு அழுக்கே படாமல் பார்த்துக்கொள்வதும் தக்கவை.

இந்நுண்துளைகள் வழியாக நிகழும் நீரிழப்பே அடைகாத்தலின் மையமாகும். அடைக்கு வைத்த முதல் 18 நாள்களில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காட்டை நீராவியாக இழக்க வேண்டும். அவ்வாறு இழக்கும்போது அகன்ற முனையிலுள்ள காற்றறை, அதாவது ஓட்டின் இரு உட்சவ்வுகளுக்கு இடையே உருவாகும் வெற்றிடம், படிப்படியாகப் பெரிதாகிறது. 19ஆம் 20ஆம் நாளில் குஞ்சு தன் அலகால் உட்சவ்வைக் கிழித்து முதல் மூச்சை இழுப்பது இந்தக் காற்றறையிலிருந்துதான். நீரிழப்பு குறைந்தால் காற்றறை சிறுத்து, குஞ்சு ஊதி, ஓட்டுக்குள் திரும்ப இடமின்றி நனைந்த நிலையிலேயே இறக்கிறது. நீரிழப்பு மிகுந்தால் சவ்வு வறண்டு குஞ்சின் உடலோடு ஒட்டிக்கொண்டு அதை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நாட்டுக்கோழி வளர்ப்போர் இங்கே கருத வேண்டிய இன்னொன்றும் உண்டு. சிறுவிடைக் கோழியின் முட்டை சுமார் 40 கிராம் எடையுடையது. சிறிய முட்டைக்கு அதன் எடையோடு ஒப்பிட ஓட்டின் பரப்பு கூடுதலாக இருப்பதால் அது பெரிய முட்டையைவிட விரைவாக நீரை இழக்கிறது. ஆகவே சிறுவிடை முட்டைகளையும் உயரின முட்டைகளையும் ஒரே பொரிப்பானில் ஒரே ஈரப்பதத்தில் வைத்தால் இரண்டில் ஒன்று குறைபட நேரும்.

அடைக்கோழி இந்தக் கணக்கையெல்லாம் கருவியின்றியே நடத்துகிறது. முட்டையிட்டு முடித்த பெட்டையின் குருதியில் புரோலாக்டின் எனும் இயக்குநீர் மிகும்போது அது முட்டையிடுவதை நிறுத்தி, இறகைச் சிலிர்த்துக் கேறிக்கொண்டு, கூடையை விட்டு எழ மறுக்கிறது. இதனையே அடை படுத்தல் என்றும் சில வட்டாரங்களில் அவயம் காத்தல் என்றும் வழங்குகின்றனர். அதன் அடிவயிற்றில் இறகுகள் உதிர்ந்து குருதிநாளங்கள் நிறைந்த வெற்றுத்தோல் வெளிப்படுவதால் உடல் வெப்பம் நேரே முட்டைக்குச் சேர்கிறது. கோழி அலகாலும் காலாலும் முட்டைகளை நாளில் பலமுறை உருட்டி, நடுவிலிருப்பதை ஓரத்துக்கும் ஓரத்திலிருப்பதை நடுவுக்கும் மாற்றுவதால் கரு ஓட்டின் சவ்வோடு ஒட்டிக்கொள்ளாமல் காக்கப்படுகிறது. நாளொன்றுக்குக் கால் மணி நேரம் அளவில் அது இரைக்கும் நீருக்கும் எச்சமிடவும் இறங்கிச் செல்லும்போது முட்டை சற்றுக் குளிர்வதால் கேடு ஒன்றும் இல்லை. அந்த இடைவேளையே கிடைக்காதபடி பஞ்சாரத்தால் கோழியை மூடி வைப்பதுதான் தவறு. இறங்க வழியில்லாத கோழி கூடையிலேயே கழிந்து முட்டைகளைப் பாழாக்கும். ஒரு நாட்டுப் பெட்டையின் வயிறு முழுமையாக மறைக்கக்கூடியவை பத்து முதல் பன்னிரண்டு முட்டைகளே. ஆசைப்பட்டுப் பதினைந்து, பதினெட்டு வைத்தால் ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து, பன்னிரண்டு வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய குஞ்சுகளும் கிடைக்காமல் போகின்றன.

அடைக்கூடையில் என்ன பரப்புவது என்ற கேள்வியில்தான் கூளத்தைப் பற்றிய ஆய்வு முறையாகத் தொடங்குகிறது. மூங்கில் கூடை, உடைந்த பானையின் அடிப்பகுதி, பழைய சட்டி ஆகியவை தமிழகத்தில் அடைக்குப் பயன்படுபவை. அவற்றின் அடியில் மணலோ சாம்பலோ உமியோ இட்டு மேலே வைக்கோல் பரப்புவது பரவலான வழக்கம். மணல் வெப்பத்தைத் தேக்கி வைக்கிறது; கோழி இறங்கிச் சென்ற நேரத்தில் முட்டைகள் திடீரெனக் குளிராமல் அது தாங்குகிறது; கோடையில் ஓரத்தில் சிறிது நீர் தெளித்தால் காற்றின் ஈரத்தையும் உயர்த்துகிறது. சாம்பல் செள்ளையும் பேனையும் தடுக்கிறது. இந்தக் கடைசிப் பயன் சிறியதல்ல. பகலில் கூடையின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் கோழியின் குருதியை உறிஞ்சும் செந்நிறச் செள் பெருகிவிட்டால், எவ்வளவு நல்ல அடைக்கோழியும் இரண்டாவது வாரத்திலேயே முட்டைகளைக் கைவிட்டு எழுந்துவிடும். எனவே ஒவ்வோர் அடைக்கும் புதுக்கூளம் இடுவதும், கூடையை இரண்டு நாள் கடும் வெயிலில் காயவைப்பதும், வசம்புத் தூளையோ உலர்ந்த வேப்பிலையையோ அடியில் தூவுவதும் செலவில்லாத காப்பு முறைகள். மழைக்காலத்தில் மணலைத் தவிர்த்து உமியும் வைக்கோலும் மட்டும் இடுவது நல்லது. ஈரம் ஏறிய மணல் கூடையின் அடியைக் குளிரச் செய்து கோழியின் வெப்பத்தை வீணாக்கும்.

அடைக்கூடையில் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் ஆகியவற்றை வைத்தால் இடி முழக்கத்தால் முட்டை கெடாது என்ற நம்பிக்கை நாடெங்கும் காணப்படுகிறது. ஒலி அதிர்ச்சி பொரிப்புத் திறனைக் கெடுக்குமா என்பது 1960களில் அமெரிக்காவில் ஒலியை மிஞ்சிய வேகத்தில் செல்லும் வானூர்திகளின் முழக்கத்தைக் கொண்டு சோதிக்கப்பட்டு, அத்தகைய பாதிப்பு இல்லை என்று கண்டறியப்பட்டது. ஆயினும் இடிமழை பெய்த வாரத்து அடையில் குஞ்சு குறைவது பொய்த் தோற்றமாக இருக்க வேண்டியதில்லை. மழையோடு கூரை ஒழுகுகிறது, கூளம் நனைகிறது, காற்றின் ஈரம் உயர்ந்து முட்டையின் நீரிழப்பு தடைபடுகிறது, அஞ்சிய கோழி கூடையை விட்டு எழுந்து நெடுநேரம் வெளியே நிற்கிறது. கண்ட விளைவு சரியானது, சொல்லப்பட்ட காரணம் வேறு என்பதே இங்குச் சொல்லத்தக்கது. இரும்பையும் கரியையும் வைப்பவர்களை இகழ வேண்டிய தேவையில்லை. அவற்றோடு கூரையையும் பார்த்துக்கொள்ளும்படி சொன்னால் போதும்.

அடைக்கோழிக்கு மாற்றான செயற்கைப் பொரிப்பு மிகத் தொன்மையானது. எகிப்தில் களிமண் செங்கல்லால் கட்டிய சூளை போன்ற அறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தவர்கள், வெப்பமானி இல்லாத காலத்தில் முட்டையைக் கண்ணிமையில் வைத்து அதன் சூட்டை அளந்தனர். சீனத்திலும் வங்கதேசத்திலும் வழங்கிவரும் உமி முறை இக்கட்டுரையின் பொருளுக்கு இன்னும் நெருங்கியது: வெயிலில் சூடேற்றிய முட்டைகளைத் துணியில் பொதிந்து, உமி அடைத்த கூண்டுக்குள் நிறுத்தப்பட்ட உருளைகளில் அடுக்கி, வளர்ந்த கருக்கள் தாமே வெளியிடும் வெப்பத்தைக் கொண்டே புதிய முட்டைகளைச் சூடாக வைத்திருக்கின்றனர். வாத்து முட்டைகளைப் பொரிக்கப் பெரிதும் பயன்படும் இம்முறையில் உமி வெப்பத்தை வெளியே விடாத சுவராகச் செயல்படுகிறது. இன்று கிராமங்களில் விற்கப்படும் 50, 100 முட்டைக் கொள்ளளவுடைய சிறு மின்பொரிப்பான்கள் விசிறியால் காற்றைச் சுழற்றி 37.5 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தைக் காக்கின்றன. முதல் 18 நாள்கள் 55 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமும், கடைசி மூன்று நாள்கள் 65 முதல் 70 விழுக்காடும் இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. இந்த எண்களை அப்படியே பின்பற்றுவதில் உள்ள சிக்கல், மலிவான பொரிப்பான்களின் ஈரமானி பெரும்பாலும் நம்பத்தக்கதாக இல்லை என்பதே. ஐப்பசியில் நாகப்பட்டினத்துக் கடற்கரை வீட்டில் பொரிப்பானின் நீர்த்தட்டை முழுவதும் நிரப்புவது மிகை. பங்குனியில் கோயம்புத்தூரின் வறண்ட காற்றில் நிரப்பாமல் விடுவது குறை. கருவியின் முள்ளைவிட முட்டையின் காற்றறையே நம்பத்தக்க அளவுகோல். இருட்டறையில் டார்ச் விளக்கின் முகத்தில் முட்டையின் அகன்ற முனையை வைத்து ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் பதினெட்டாம் நாளும் பார்த்து, காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் ஓட்டின் மேல் கோடிட்டுவந்தால், அக்கோடு இறங்கும் வேகத்தைக் கொண்டே நீரைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். ஏழாம் நாளில் சிலந்திக் கால்கள் போல் பரவிய செந்நிற நாளங்களும் நடுவே அசையும் கரும்புள்ளியும் தெரிந்தால் கரு நலமாக உள்ளது. நாளங்கள் இல்லாமல் ஒரு செவ்வளையம் மட்டும் தெரிந்தால் கரு மடிந்துவிட்டது. எதுவுமின்றித் தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் கூமுட்டை. இருபதாம் நாளில் முட்டையை வெந்நீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் பழைய சோதனைக்கு இனித் தேவை இல்லை. முன்பே குஞ்சு கொத்திய முட்டையானால் அதனுள் நீர் புகுந்துவிடும்.

பொரிக்கும் வேளையில் மனிதர் செய்யத்தக்கது குறைவு. குஞ்சின் அலகு நுனியிலுள்ள சிறு கூர்ப்பகுதியான முட்டைப்பல்லால் ஓட்டில் முதல் வெடிப்பு விழுந்தபின், அது முழுதும் வெளிவர அரை நாளோ அதற்கும் மேலோ ஆகலாம். அந்த இடைவெளியில் குஞ்சு சோம்பிக் கிடப்பதாகத் தோன்றினாலும், எஞ்சிய மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதும், ஓட்டின் உட்சவ்விலுள்ள குருதியைத் திரும்பப் பெறுவதும் அப்போதுதான் நடக்கின்றன. இரக்கப்பட்டு ஓட்டை உரித்துவிட்டால் குருதி கசிந்து குஞ்சு சாகிறது. பொரிப்பானை அடிக்கடி திறப்பதும் அதே தீங்கைச் செய்கிறது. வெளியேறிய ஈரம் திரும்புவதற்குள் வெடிப்பு விழுந்த முட்டைகளின் சவ்வு காய்ந்துவிடும். வயிற்றுக்குள் சென்ற மஞ்சள் கரு இரண்டு நாள்களுக்குமேல் உணவாக உதவுவதால், முதலில் பொரித்த குஞ்சுகளுக்கு இரை இல்லையே என்று அஞ்சிப் பொரிப்பானைத் திறக்க வேண்டியதில்லை.

பொரித்த குஞ்சு முதன்முதலில் கால் ஊன்றும் தரை வழுக்கும் தரையாக இருந்தால், முதல் ஓரிரு நாள்களிலேயே அதன் கால்கள் இருபுறமும் விரிந்து முடமாகின்றன. பொரிப்பானின் நெகிழித் தட்டிலும், அட்டைப்பெட்டிக்குள் விரித்த நாளிதழிலும் இக்கேடு மிகுதியாக நேர்கிறது; நாளிதழ் மலிவானது, மாற்ற எளிது என்ற காரணத்துக்காகப் பலரும் அதை விரும்பினாலும், நனைந்ததும் அது கண்ணாடிபோல் வழுக்கும். பொரிப்பானில் சொரசொரப்பான பருத்தித் துணியும், அடைகாப்பானில், அதாவது தாய்க்கோழியின்றிக் குஞ்சுகளுக்குச் செயற்கை வெப்பம் தரும் அமைப்பில், கூளத்தின்மேல் சாக்குத் துணியும் முதல் மூன்று நாள்களுக்கு விரிப்பது நன்று. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இரை எது, கூளம் எது என்று அறியாத குஞ்சு உமியையும் மரத்தூளையும் கொத்தி விழுங்கி, இரைப்பை அடைபட்டு வாடிப்போகிறது. தாய்க்கோழியுடன் வளரும் குஞ்சுக்கு இந்தக் குழப்பம் இல்லை. தாய் கொக்கரித்துக் கொத்திக் காட்டியதையே அது கொத்துகிறது.

அடைகாப்பானில் முதல் வாரம் குஞ்சின் உயரத்தில் 35 டிகிரி செல்சியசு வெப்பம் இருக்க வேண்டும்; பின்னர் வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துவரலாம். எல்இடி விளக்குகள் பரவியபின் இதில் ஒரு புதிய இடர் தோன்றியிருக்கிறது: ஒளி இருக்கிறது, வெப்பம் இல்லை. பழைய குண்டு பல்புக்குப் பதிலாக எல்இடி மாட்டிய கூட்டில் குஞ்சுகள் வெளிச்சத்திலேயே விறைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்து இறக்கின்றன. அகச்சிவப்பு விளக்கோ, இழை பல்போ கிடைக்காத இடத்தில் தணல் இட்ட மண்சட்டியைத் தகரத்தால் மூடி வைப்பது பழைய வழி. ஆனால் அடைத்த அறையில் கரித்தணல் நச்சுக்காற்றை வெளியிடுவதால் காற்று வெளியேற வழி இல்லாமல் அதைச் செய்யவே கூடாது. வெப்பம் சரியா என்பதைக் குஞ்சுகளே காட்டுகின்றன: விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு, எங்கும் பரவிப் படுத்திருந்தால் போதிய வெப்பம்.

கூளத்துக்கு வேண்டிய பண்பு ஈரத்தை உறிஞ்சுவது மட்டும் அல்ல, உறிஞ்சியதைக் காற்றுக்கு விரைவில் விட்டுவிடுவதும் ஆகும். கோழியின் எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. கூளத்தின் ஈரம் 20 முதல் 25 விழுக்காடு வரை இருந்தால் இச்சிதைவு மெதுவாகவும், 30 விழுக்காட்டைக் கடந்தால் மிக விரைவாகவும் நடைபெறுகிறது. காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு என்ற அளவை அம்மோனியா கடக்கும்போது கோழியின் மூச்சுக்குழலைத் தூய்மையாக்கும் நுண்மயிர்கள் செயலிழந்து, சளி நோய்கள் எளிதில் தொற்றுகின்றன. நின்றுகொண்டு முகர்பவருக்கு நாற்றம் தெரியாத கூட்டிலும், தரையோடு தரையாக இருக்கும் குஞ்சு அதைச் சுவாசித்துக்கொண்டிருக்கக் கூடும் என்பதால், குந்தி உட்கார்ந்து குஞ்சின் உயரத்தில் முகர்ந்து பார்ப்பதே சரியான சோதனை. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் எய்மீரியா எனும் ஒட்டுண்ணியின் முட்டைகளும், எச்சத்தோடு வெளிவந்தபின் ஈரமும் வெப்பமும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் ஓரிரு நாள்களில் தொற்றும் நிலையை அடைகின்றன; காய்ந்த கூளத்தில் அவற்றுக்கு அந்த வாய்ப்பு குறைகிறது. இதற்காகக் குஞ்சு இறப்புகள் அனைத்துக்கும் கூளமே காரணம் என்று கொள்வதும் பொருந்தாது. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய்க்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து கொடுக்காத வீட்டில் எத்தகைய கூளமும் குஞ்சுகளைக் காப்பாற்றாது. புறக்கடைக் கோழிகளுக்கென்றே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ள, இரையோடு கொடுக்கத்தக்க குருணைத் தடுப்பு மருந்து, ஊசி போட ஆள் இல்லாத ஊர்களுக்கு மிகவும் ஏற்றது.

கூளப் பொருள்களுள் நெல் உமி முதலிடம் பெறுவது நெல் விளையும் பகுதிகளில் அது எளிதில் கிடைப்பதால் மட்டும் அன்று. சிலிக்கா மிகுந்த அதன் ஓடு நீரை அதிகம் உறிஞ்சுவதில்லை. அதனாலேயே நனைந்தாலும் கட்டியாகாமல், கிளறிவிட்டதும் காய்கிறது. படகு வடிவமான உமிகளுக்கு இடையே காற்று தங்குவதால் தரையின் குளிர்ச்சி குஞ்சுக்கு ஏறுவதில்லை. நீரை உறிஞ்சாமை மழைக்காலத்தில் அதன் குறையாகவும் ஆகிறது: நீர்க்குவளையைச் சுற்றிச் சிந்திய நீர் உமியின் அடியில் இறங்கித் தரையில் தேங்கி, மேற்பரப்பு காய்ந்திருக்க அடிப்பகுதி அழுகும். இதற்கு நேர்மாறானது பொள்ளாச்சி வட்டாரத்தில் மலைபோல் குவியும் தென்னை நார்க்கழிவு. அது தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சும். ஆனால் எளிதில் விடாது. காய்ந்தால் குஞ்சின் மூச்சில் புகும் அளவுக்குத் தூசியும், நனைந்தால் கட்டியும் ஆவதால் அதைத் தனியே பரப்புவது நல்லதல்ல. அடியில் ஓர் அங்குலம் நார்க்கழிவும் மேலே இரண்டு அங்குலம் உமியும் இட்டால், சிந்திய நீரை அடிப்பகுதி வாங்கிக்கொள்ள மேற்பகுதி காய்ந்திருக்கும். ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் இந்த அடுக்கு முறையே தமிழ்நாட்டு மழைக்காலத்துக்கு மிகப் பொருத்தமானது.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கிடைக்கும் நிலக்கடலைத் தோல் உறிஞ்சும் திறனில் சிறந்தது. எனினும் ஈரத்தில் சேமித்த தோலில் அப்ளாடாக்சின் நச்சை உண்டாக்கும் பூசணம் வளர்வதால், பூசண வாடை சிறிதும் இல்லாத, வெயிலில் காய்ந்த தோலை மட்டுமே பயன்படுத்தலாம். பூசணம் பிடித்த எந்தக் கூளமும் குஞ்சுகளின் நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூசண நோயை உண்டாக்கும். மருந்தால் குணப்படுத்த இயலாத அந்நோய்க்குத் தடுப்பு ஒன்றே வழி. இழைப்புளியிலிருந்து வரும் மரச்சீவல் நல்ல கூளம். நுண்ணிய மரத்தூள் குஞ்சுகளுக்கு ஆகாது. ஒட்டுப்பலகை அறுத்த தூளில் பசையும் மருந்தும் கலந்திருப்பதால் அது எவ்வயதுக் கோழிக்கும் ஆகாது. வைக்கோலை இரண்டு அங்குல நீளத்துக்கு நறுக்காமல் போட்டால் எச்சம் மேலே பாய்போல் படிந்துவிடும். மணல் வெளிநாடுகளில் பெரிதும் பேசப்படும் கூளம் என்றாலும், வெயிலில் கொதித்து மார்கழி இரவில் குளிரும் அதை இங்குக் கூட்டின் தரையில் பரப்பாமல் கோழிகளின் மண்குளியல் குழிக்கு ஒதுக்குவதே தக்கது.

ஒரே கூளத்தை மாதக்கணக்கில் மாற்றாமல், அவ்வப்போது கிளறி, மேலே புதுக்கூளம் சேர்த்துவரும் முறை ஆழ்கூளம் எனப்படுகிறது. இதனை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களுள் முன்னோடிகள் அமெரிக்காவின் ஒகாயோ வேளாண் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கென்னார்டும் சேம்பர்லினும் ஆவர். 1940களில் அவர்கள் நடத்திய ஆய்வுகளில், விலங்குப் புரதம் இல்லாத தீவனம் உண்ட கோழிகள்கூடப் பழைய ஆழ்கூளத்தின்மேல் வாழ்ந்தபோது நன்கு பொரிக்கும் முட்டைகளை இட்டன. கூளத்திலுள்ள நுண்ணுயிரிகள் உண்டாக்கிய ஒரு சத்தைக் கோழிகள் கொத்தி உண்டதே இதற்குக் காரணம். 1948இல் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12 அச்சத்தின் முதன்மைக் கூறு என்பது பின்னர் தெளிவாயிற்று. தாய்க்கோழி நிற்கும் கூளம், அது இடும் முட்டையின் பொரிப்புத் திறனையே தீர்மானிக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. ஆனால் இம்முடிவைச் சோம்பலுக்குச் சான்றாகக் கொள்வது தவறு. நான்கு முதல் ஆறு அங்குல ஆழமும், வாரம் இருமுறை கிளறலும், காற்றோட்டமும் இருந்தால்தான் கூளத்தில் நன்மை தரும் நுண்ணுயிரிகள் வாழும். இவை இல்லாதது ஆழ்கூளம் ஆகாது, வெறும் அழுக்குத் தரையே. குஞ்சுகளுக்கு இரண்டங்குலப் புதுக்கூளத்தில் தொடங்கி மெல்ல உயர்த்துவதே பாதுகாப்பானது.

கூளத்தின் நிலையை அறிய ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிடித்து விரித்துப் பார்த்தால் போதும். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. பிடித்த வடிவம் சற்று நின்று தானே உதிர்ந்தால் சரியான அளவு. சிறிதும் சேராமல் தூளாக ஓடினால் அளவுக்கு மீறிய வறட்சி. ஈரம் மிகுந்தபோது நீற்றிய சுண்ணாம்பு தூவுவது எங்கும் சொல்லப்படும் அறிவுரை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்குவதும் நுண்ணுயிரிகளைக் கட்டுப்படுத்துவதும் உண்மை. ஆயினும் அது காரத்தன்மையை உயர்த்துவதால் கூளத்தில் தேங்கியிருக்கும் அம்மோனியா தூவிய உடனே பெருமளவில் வெளியேறுகிறது. கோழிகளை வெளியே மேயவிட்ட காலை வேளையில், கதவைத் திறந்துவைத்துத் தூவிக் கிளறி, மாலை அடைவதற்குள் நாற்றம் நீங்கியதை உறுதிசெய்யாமல், குஞ்சுகள் உள்ளே இருக்கும்போது சுண்ணாம்பு தூவுவது நோயை வரவழைப்பதாகும். பெரும்பாலான வீடுகளில் சுண்ணாம்பைவிட அவசரமான பணி, நீர்க்குவளையைச் செங்கல் மேல் உயர்த்தி வைப்பதும், சாரல் அடிக்கும் பக்கம் சாக்குப் படுதா கட்டுவதும்தான்.

பயன்படுத்தி முடிந்த கூளம் வீணாவதில்லை. தொழுவுரத்தைவிடப் பல மடங்கு தழைச்சத்து உடைய அது, நேரே செடியின் வேரில் இட்டால் வேரைக் கருக்கிவிடும். குவித்து ஈரப்படுத்தி இரண்டு மூன்று மாதம் மக்கவைத்து இட்டால் தோட்டத்துக்கு முதல்தர எரு. உமிக்கூளம் மக்க நாளெடுக்கும் என்பதால் சாணக் கரைசல் தெளித்து வைப்பது நல்லது.

பத்துக் கோழிக்கு உட்பட்ட வீட்டுக்கு மின்பொரிப்பான் தேவையில்லை. நல்ல அடைக்கோழி ஒன்றும், கோடையில் ஈரமணல் பானையும், ஒரு டார்ச் விளக்கும் போதும். குஞ்சு விற்பனையைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மகளிர் குழுக்களுக்கே பொரிப்பான் பயன்படும். அவர்களுக்கும் மின்தடைக்கு மாற்று ஏற்பாடு இல்லாமல் அது நட்டத்தையே தரும். கூளத்தைப் பொறுத்தவரை, தஞ்சைக்கு ஏற்றது தருமபுரிக்கு ஏற்பதில்லை. கடற்கரைக்கு ஏற்றது கொங்கு நாட்டுக்கு ஏற்பதில்லை. ஆகவே கால்நடை பராமரிப்புத் துறையும் பல்கலைக்கழகப் பயிற்சி மையங்களும், குஞ்சு வழங்கும் ஒவ்வொரு திட்டத்தோடும் அந்தந்த மாவட்டத்தில் கிடைக்கும் கூளப் பொருள், அதன் அடுக்கு முறை, பருவத்துக்கேற்ற முட்டைச் சேமிப்பு ஆகியவற்றை ஒரு பக்க அளவில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே, அந்தப் பக்கம் பயனாளிகளின் கைக்குச் சேர்வது நலம்.